பரஸ்தானப் பையும் மொரிசியஸ் பயணமும்

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது சித்ரலேகாவின் பயண அலுவலகம். கீழே பன் வேகும்; மேலே மஸ்கட்டுக்கும் தோஹாவுக்கும் டிக்கெட் போடுவார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த மாடிப்படி ஏறி இறங்கியவர்கள். விமானத்தைத் தவறவிட்டவனுக்கு அடுத்த விமானம் பிடித்துக் கொடுத்தது, தம்மாமில் இறங்கித் திகைத்து நின்றவனுக்குத் தொலைபேசியிலேயே வழி சொன்னது என்று அவளைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால் அவள் விமானம் ஏறியதில்லை. பாஸ்போர்ட் வாங்கி வைத்திருந்தாள். அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை.

அவளுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. கணவன் கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவனை நாற்கரச் சாலையில் ஒரு லாரி அடித்தது. அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. லாரி ஓட்டியவனுக்குக் கொஞ்ச காலத்தில் லைசென்ஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. சித்ரலேகாவுக்கு விதித்த தண்டனைக்கு மட்டும் முடிவுத் தேதி கிடையாது. கல்யாண வீட்டில் அவளுக்கு முன்வரிசை இல்லை. தாலியைத் தொட்டு வாழ்த்தச் சொல்லிச் சுற்றிவரும் தட்டு அவளை மட்டும் தாண்டிப் போகும். காலையில் தெருவில் எதிரே வந்துவிட்டால், பட்டம் வாங்கியவர்கள்கூடத் திரும்பி வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். பறிகொடுத்தவளையே குற்றவாளியாக்கி அதற்குச் சாத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அதை மனதார நம்புகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 'நமக்கு எதுக்கு வம்பு' என்று தலையாட்டுகிறவர்களின் தோளில்தான் அது இன்னமும் உட்கார்ந்திருக்கிறது.

சித்ரலேகா மூலையில் உட்காரவில்லை. ஜங்ஷனில் ஒரு டிக்கெட் கவுண்டரில் சேர்ந்தாள். கணினி கற்றாள், ஆங்கிலத்தில் சண்டை போடக் கற்றாள், பிறகு சொந்தமாக அந்த மாடியைப் பிடித்தாள். அங்கே வருகிறவர்கள் சகுனம் பார்ப்பதில்லை. வேலைக்குப் போகிறவனுக்குச் சகுனம் பார்க்க நேரமிருக்காது. சகுனம் உல்லாசப் பயணம் போகிறவர்களோடுதான் படியேறி வந்தது.

வந்தவர் தாணுமாலையன். ராதாபுரத்தில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், மகாராஜநகரில் வீடு. சித்ரலேகாவின் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம்.

"நம்ம மக மதுமதிக்குத் தை மாசம் கல்யாணம். மே லீவுல எல்லாரும் சேந்து ஒரு தீவுக்குப் போணும்னு பிள்ளைக ஒத்தக் கால்ல நிக்கி. உன் மதினிக்கு வேற சாகுததுக்குள்ள நீலக் கடலு பாக்கணுமாம். நம்ம உவரிக் கடலு என்ன, சிவப்பாவா கிடக்கு?"

"மதினி கேட்டது குளிக்கிற கடலு அண்ணாச்சி. யாரு யாரு வாரா?"

"மூத்தவன் குடும்பம், சின்னவன் குடும்பம், நாங்க ரெண்டு பேரு, புதுப் பொண்ணு மாப்ள, மாப்ளயோட அக்கா தங்கச்சி ரெண்டு சோடி."

குடும்பத்தோடு வருகிறவர்களுக்கும் சோடியாக வருகிறவர்களுக்கும் ஒரே விடுதியில் இடம் பார்ப்பது, ஒரே பந்தியில் பத்தியக்காரனுக்கும் விருந்தாளிக்கும் பரிமாறுகிற மாதிரி. சோடிகளுக்குத் தனிமை வேண்டும். பிள்ளை வைத்திருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் சுடுதண்ணீர் வேண்டும். மாலத்தீவைப் பார்த்தாள். தண்ணீருக்கு மேல் கட்டிய அறைகள் புதுச் சோடிக்குச் சொர்க்கம்தான். ஆனால் வாசற்படியை விட்டால் கடல், சின்னவனின் மகனோ இப்போதுதான் ஓடப் பழகுகிறான். பாலித் தீவைப் பார்த்தாள். விரும்பிய விடுதியின் முன்னால் அலை முரடாக இருந்தது. கடைசியில் மொரிசியஸ். பயணம் நீளம்தான், நடுவில் துபாயில் விமானம் மாற வேண்டும். ஆனால் தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி கட்டியிருப்பதால் கரையோரக் கடல் தெப்பக்குளம்போலக் கிடக்கும், இடுப்பளவு ஆழத்தில் பிள்ளைகள் விளையாடலாம். நம் ஊர் கத்திரி வெயிலில் வேகும்போது அங்கே இதமான குளிர்காலம் தொடங்கும். புயல் மாதங்கள் முடிந்திருக்கும். விசாவுக்கு முன்கூட்டி அலைய வேண்டாம்.

விடுதியின் வரைபடத்தைத் திரையில் விரித்துக் காட்டினாள். பிள்ளைக் குடும்பங்களுக்கு நடுக்கதவு வைத்த இரட்டை அறைகள், குட்டி நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில். சோடிகளுக்குத் தென்னந்தோப்பைத் தாண்டிய கடைசி வரிசை.

"புதுப் பொண்ணு மாப்ளய அம்புட்டுத் தூரத்துலயா போடுத?" என்றார் தாணுமாலையன்.

"தேன்நிலவுக்குப் போறவங்களுக்குப் பக்கத்து ரூம்ல மாமனாரா அண்ணாச்சி?"

அவர் இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கூட வந்திருந்த மனைவி பாலம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

மாதக்கணக்கில் வேலை நடந்தது. விடுதியின் சமையல்காரரை வீடியோவில் கூப்பிட்டு, சைவம் என்றால் முட்டையும் கிடையாது என்று விளக்கினாள். அவர் சிரித்தார். அவருடைய பூட்டனார் கப்பலேறிப் போன தமிழராம். கறிவேப்பிலைக் கொத்தும் மாங்காயும் கொண்டுபோனால் அங்கே பிடுங்கிப் போடுவார்கள், பொடியும் வத்தலும் சீல் போட்டு எடுங்கள் என்று பாலம்மாளுக்குச் சொன்னாள். யாருக்குப் பேருந்தில் குமட்டும், யாருக்குச் சர்க்கரை, எந்தப் பிள்ளை காது வலிக்கு அழும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடியாயிற்று.

அப்போதுதான் விடுதிக்காரர்கள் ஒரு சலுகை சொன்னார்கள். இவ்வளவு பெரிய குழுவென்றால், கூட்டிவருகிற தலைவருக்குத் தங்க இடம் இலவசம். சித்ரலேகா தன் பெயரைக் கொடுத்தாள். விமானத்திலும் தனக்கு ஒரு ஜன்னல் இருக்கை போட்டாள். அன்று மாலை அலுவலகத்தைப் பூட்டுமுன் திரையில் தெரிந்த அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரையே ஏற்றி அனுப்பியவளுக்கு முதல்முறையாக ஏறும் முறை வந்திருந்தது.

பயணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது தாணுமாலையன் தனியாக வந்தார்.

"ஏம்மா சித்ரா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாத."

இந்த ஊரில் இப்படித் தொடங்கிய பேச்சு எதுவும் தப்பில்லாமல் முடிந்ததில்லை.

"புதுசா கல்யாணமானதுக. சேந்து போற முதல் பிரயாணம். நீ முன்னால நின்னு கூட்டிட்டுப் போறத வீட்ல பெரியவங்க ஒரு மாதிரி நினைக்காங்க."

"வீட்ல பெரியவரு நீங்கதான அண்ணாச்சி."

"அதான் நானே சொல்ல வந்தேன். நீ எல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா நீ வரவேண்டாம்."

"அப்ப வழி யாரு காட்டுவா? நடுவுல விமானம் மாறணும்."

"நான் ஒரு தாலுகாவையே நடத்தினவன். விமான நிலையமா பெருசு?" எழுந்து நின்றபிறகு குரலைத் தாழ்த்தினார். "மீறி நீ வந்தா நாங்க இறங்கிக்கிடுவோம்மா. பாத்துக்கோ."

"பாக்கேன் அண்ணாச்சி," என்றாள் அவள்.

அவருக்கு அது சம்மதமாகக் கேட்டது. அவள் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மறுத்தால் அத்தனை பேரின் பயணமும் கலையும். நாள் எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் ஏமாறும். பாலம்மாள் உவரிக் கடலோடு நிற்பாள். அந்த இருக்கையை ரத்து செய்யச் சொல்லிப் பொத்தானை அழுத்தவும் அவளுக்குக் கை வரவில்லை. பயணத்துக்கு முந்தின வாரம் பெட்டி ஒன்று வாங்கித் துணி அடுக்கி, தன் பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்து, அலுவலகத்தில் மேசைக்கு அடியில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

தாணுமாலையனுக்கு வேறொரு கவலை வந்தது. புறப்படும் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம். திருவனந்தபுரமோ மேற்கே இருக்கிறது. அது போதாதென்று விமானம் கிளம்பும் நேரம் மாலை ராகுகாலம். விமானக் கம்பெனிக்காரன் பஞ்சாங்கம் பார்த்து நேரம் மாற்றுவானா? இதற்கெல்லாம் நம் முன்னோர் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள், பரஸ்தானம் என்று. நல்ல நாள், நல்ல நேரத்தில் பயணச் சாமானில் கொஞ்சத்தை ஒரு பையில் போட்டு இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அத்தோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்தக் கெட்ட நேரத்திலும் புறப்பட்டு, போகும் வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம். கிரகங்கள் இவ்வளவு எளிதில் ஏமாறும் என்றால் அவற்றுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

சித்ரலேகா எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் சரிபார்த்து, தலைமை ஏற்றுக்கொண்ட தாணுமாலையனிடம் ஒப்படைத்திருந்தாள். அவர் ஒரு மஞ்சப்பையில் ஒரு வேட்டித் துண்டு, விரலி மஞ்சள், எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு யோசித்து, அத்தனை பாஸ்போர்ட்டையும் அதே பைக்குள் போட்டார்.

"பாஸ்போர்ட்ட கையில வச்சுக்கிடலாமே," என்றாள் பாலம்மாள்.

"எது நாடு தாண்டணுமோ அதுதான முதல்ல புறப்படணும்? உனக்கு என்ன தெரியும்."

வியாழக்கிழமை நல்ல நேரத்தில் பை திருநெல்வேலி டவுனுக்குப் போயிற்று. மேலரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பாலம்மாளின் தம்பி குமரகுருபரன் குடியிருக்கும் மாடி வீட்டில் வைக்கப்பட்டது. சனிக்கிழமை குமரகுருபரனுக்கு மதுரையில் அவசர வேலை வந்தது. வீட்டைப் பூட்டி, சாவியைக் கீழ்வீட்டில் குடியிருக்கிற பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை சித்ரலேகா அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். வேலை எதுவும் இல்லை. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் வந்திருந்தாள். வேன் இந்நேரம் வள்ளியூர் தாண்டியிருக்கும் என்று நினைத்தபோது தொலைபேசி அடித்தது. வேன் ஓட்டுகிற ரெக்சன். உவரிக்காரன், அவள் அனுப்பும் ஆட்களை விமான நிலையம் கொண்டுபோய்ச் சேர்ப்பவன்.

"அக்கா, வண்டி டவுன்ல நிக்கி. நகரல."

"பஞ்சரா?"

"பஞ்சர்னா நானே ஒட்டிருவேன். இது பஞ்சாங்கம்."

விஷயத்தைச் சொன்னான். பையை எடுக்கச் சந்து முனையில் வேன் நின்றபோது கீழ்வீட்டு வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். சாவி வாங்கி வைத்திருந்த பெரியவர் குமரவேல் விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். சாவி சாவு வீட்டுக்குள். மாடிப்படியும் அந்த வீட்டு முற்றத்துக்குள். புதுச் சோடி உள்ளே போகக் கூடாது. மற்றவர்கள் குளித்துத் திருநீறு பூசிப் புறப்பட்டவர்கள். போனால் தீட்டு, மறுபடி குளிக்க வேண்டும், புறப்பட்ட காலைத் திருப்பக் கூடாது.

"நான் போய் எடுத்துட்டு வாரேன்னு சொன்னேன் அக்கா. 'சாவு வீட்டுக்குப் போன கையால ஸ்டீயரிங்கப் பிடிப்பியாலே?'ன்னு சத்தம் போடுதாரு. போன வாரம்தான் எங்க ஊர்ல ரெண்டு சவப்பெட்டி சுமந்தேன். அதைச் சொன்னா இறங்கி நடந்தே போயிருவாரு போல."

தாணுமாலையன் போனை வாங்கினார்.

"சித்ரா, நீ கொஞ்சம் வந்து எடுத்துக் குடுத்துரும்மா. நீ போனா... உனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லைல்லா."

உனக்கு இனி கெட்டுப்போக என்ன இருக்கிறது என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. சந்தோஷம் புறப்படுகிற வாசலில் அவள் நிற்கக் கூடாது. பிணம் கிடக்கிற வாசலுக்குள் அவள்தான் போக வேண்டும்.

"வாரேன் அண்ணாச்சி," என்றாள். மேசைக்கு அடியிலிருந்த பெட்டியை ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போனாள்.

வேனுக்குள் எல்லாரும் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியே குழந்தைகள் கையாட்டின. அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சாவு வீட்டுக்குள் போனாள்.

உள்ளே குமரவேலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகன்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று நான்கு பேர். அவருடைய மனைவி கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு பெண்கள் சற்றுத் தள்ளி நின்று, வளையலை எப்போது எடுப்பது, யார் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். உயிர் போய் இன்னும் அரை நாள்கூட ஆகவில்லை.

சித்ரலேகா நேரே போய்க் கோமதியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வளையல்களின் மேல் தன் கையை மூடி வைத்தாள்.

"இது அவங்க கை. என்ன செய்யணும்னு அவங்க சொல்லட்டும்," என்றாள் நின்றவர்களிடம். அவர்கள் சமையற்கட்டுப் பக்கம் நகர்ந்தார்கள்.

ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. மே மாத வெயில். அவளுக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்துச் சொன்னாள். மூத்த மகனைத் தொலைபேசியில் பிடித்து, எங்கே வருகிறான் என்று கேட்டு, தாயிடம் கொடுத்தாள். தாய் பேசி முடித்து, அதன் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் இவளைப் பார்த்தாள்.

"நீ யாரும்மா? எந்த வீடு?"

"மேல்வீட்டுச் சாவிக்காக வந்தேம்மா. ஊருக்குப் போறவங்களோட பை ஒண்ணு மேல இருக்கு. இப்பக் கேக்க ஒரு மாதிரியா இருக்கு."

கோமதி எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய கணவனின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து வந்து கொடுத்தாள்.

"எங்க போறீங்க?"

"மொரிசியஸ்னு ஒரு தீவு. வண்டி வெளியில நிக்கி. நான் போவேனான்னு தெரியல."

"ஏன் தெரியல?"

சித்ரலேகா தன் வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். கோமதிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அன்று காலையிலிருந்து அவளுக்கும் அதே நிலைதானே.

"போயிட்டு வா," என்றாள் கோமதி. "நல்லபடியா போயிட்டு வா. வந்து என்கிட்டச் சொல்லு, எப்படி இருந்துச்சுன்னு."

மாடிக்குப் போய்க் கதவைத் திறந்து எடுத்த மஞ்சப்பையோடு வெளியே வந்தபோது, விமான நிலையத்துக்குப் போய்ச் சேரும் நேரம் இறுக்கமாகிவிட்டிருந்தது. தாணுமாலையன் வேனை விட்டு இறங்கி, தெருவின் மறுபக்கம் நின்று கையை நீட்டினார். "குடும்மா, குடு. நேரமாச்சு."

அவள் கொடுக்கவில்லை.

"ஒரு சந்தேகம் அண்ணாச்சி. இந்தப் பை இப்ப எங்கன இருந்து வருது?"

"என்னம்மா இது, இந்த நேரத்துல?"

"பொணம் கிடக்கிற வீட்டுக்குள்ள இருந்து வருது. தூக்கிட்டு வந்தது யாரு? நான். எதிர்ல வந்தாலே ஆகாதுன்னு நீங்க நிறுத்தி வச்ச ஆளு. இந்தப் பைக்குத் தீட்டு உண்டா, இல்லையா?"

தாணுமாலையன் ஒரு கணம் யோசித்தார். தாலுகா அலுவலகத்தில் எத்தனையோ சிக்கலான மனுக்களைப் பார்த்தவர். "காகிதத்துக்குத் தீட்டு கிடையாதும்மா," என்றார்.

"பை துணிதான?"

"துணிய விட்டிருவோம். பாஸ்போர்ட்ட மட்டும் குடு."

"அப்ப துணிக்கு உண்டு, காகிதத்துக்கு இல்ல. காகிதத்தத் தூக்கிட்டு வந்த கைக்கு?"

வேனுக்குள்ளிருந்து சிரிப்புக் கேட்டது. புது மாப்பிள்ளை ஞானசம்பந்தன். மாமனார் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினான். ஆனால் மதுமதி விழுங்கவில்லை.

"அப்பா, அத்தை கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. தீட்டுன்னா பாஸ்போர்ட்டும் தீட்டு, யாரும் போக வேண்டாம், வீட்டுக்குப் போவோம். தீட்டு இல்லைன்னா அத்தைக்கும் இல்ல."

"ஏளா, நீ சும்மா இரு. உனக்காகத்தான் இவ்வளவும் பாக்கேன்."

"எனக்காக ஒண்ணும் பாக்காதீங்க. தீவக் கண்டுபிடிச்சது அவங்க. ரூமு பாத்தது அவங்க. துபாய்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"போர்டு போட்டிருப்பான்."

சித்ரலேகா தெருவின் நடுவில் நின்று சொன்னாள். குரல் உயரவில்லை, ஆனால் சாவு வீட்டு வாசலில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"அண்ணாச்சி, இந்தப் பிரயாணத்துக்கு இன்னிக்கு ஒருத்தர்தான் வாயத் தொறந்து நல்லபடியா போயிட்டு வான்னு சொல்லியிருக்காங்க. உள்ள, புருசனப் பறிகொடுத்து விடிஞ்சும் விடியாம உக்காந்திருக்கிற அம்மா. எனக்கு அது போதும். பாஸ்போர்ட்டு உங்களுக்கு வேணும்னா, அதத் தூக்கிட்டு வந்த ஆளும் கூட வரும். ரெண்டுல ஒண்ண மட்டும் எடுத்துக்கிட முடியாது."

தாணுமாலையன் வேன் பக்கம் திரும்பி மனைவியைத் தேடினார். இத்தனை ஆண்டுகளில் இந்த மாதிரி நேரங்களில் அவர் திரும்பினால் பாலம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். இன்று ஓட்டுநர் பக்கத்து முன் இருக்கையின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"சித்ரா, ஏறு. இங்கன முன்னால உக்காரு. நான் பின்னால பேரனோட உக்காந்துக்கிடுதேன்."

"பாலம்மா, நீ இறங்காத. நான் பேசிட்டிருக்கேன்லா."

"நீங்க பேசிட்டு வாங்க. நாங்க போயிட்டு வாரோம்," என்றாள் பாலம்மாள். "கல்யாணமான நாள்லேருந்து உங்க பஞ்சாங்கத்தப் பாத்துத்தான் புறப்படுதேன். சூலம்னு காசிக்குப் போகல. கரிநாள்னு எங்கம்மா சாவுக்கு மறுநாள்தான் போனேன். நல்ல நேரம் பாத்துப் பாத்து நான் ஒரு ஊரும் போய்ச் சேரல."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி, பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ரெக்சன் இறங்கி வந்து சித்ரலேகாவின் பெட்டியை எடுத்து மற்ற பெட்டிகளோடு அடுக்கினான். எல்லாப் பெட்டிக்கும் மேலே வைத்தான்.

ஸ்கூட்டரைச் சந்திலேயே ஓரமாகப் பூட்டிவிட்டு சித்ரலேகா முன் இருக்கையில் ஏறினாள். தாணுமாலையன் தெருவில் தனியாக நின்றார். ரெக்சன் வண்டியை ஸ்டார்ட் செய்தான்.

"அண்ணாச்சி, ஏறுதீகளா? மெதுவா ஓட்ட இப்ப நேரமில்ல."

அவர் ஏறினார். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது.

திருவனந்தபுரத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண், திரும்பும் டிக்கெட் எங்கே, தங்கும் இடத்தின் உறுதி எங்கே, குழுத் தலைவர் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வரிசையில் முதலில் போய் நின்றவர் அவர்தான். சட்டைப் பையைத் தடவினார். பிறகு ஒதுங்கி நின்று, "அவங்கதான்," என்று சித்ரலேகாவைக் கைகாட்டினார்.

விமானம் ராகுகாலத்தில் எழும்பியது. ராகு ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜன்னலோரத்தில் உட்கார்ந்த சித்ரலேகா, எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை தொலைபேசியில் சொன்ன பெல்ட்டைத் தான் முதல்முறையாகப் போட்டுக்கொண்டாள். மேகத்துக்கு மேலே வெயில் அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைப் பார்ப்பது வேறு என்பது அன்றுதான் தெரிந்தது. துபாயில் அவள் கையை உயர்த்திக்கொண்டு முன்னால் நடக்க, மொத்தக் குடும்பமும் கோழிக்குஞ்சுகள் மாதிரி பின்னால் நடந்தது. பெயர்ப் பலகைகள் நிறையத்தான் போட்டிருந்தார்கள். தாணுமாலையன் ஒன்றையும் படிக்காமல் அவளுடைய சேலை நிறத்தை மட்டும் குறி வைத்து வந்தார்.

தீவு அவள் சொன்னபடி இருந்தது. இடுப்பளவுக் கடலில் பிள்ளைகள் காலை முதல் கிடந்தன. புதுச் சோடியைச் சாப்பாட்டு நேரத்தில்தான் பார்க்க முடிந்தது. சமையல்காரர் முட்டையில்லாமல் கேக் செய்து கொண்டுவந்து வைத்தார். பாலம்மாள் சேலையோடு தண்ணீரில் இறங்கி, கழுத்துவரை உட்கார்ந்து, கூப்பிட்டாலும் எழுந்து வர மறுத்தாள். "பேசாம போங்க. இது நான் கேட்ட கடலு," என்றாள் கணவனிடம்.

சனிக்கிழமை படகில் ஒரு குட்டித் தீவுக்குப் போவதாக ஏற்பாடு. காலைச் சாப்பாட்டு மேசைக்குத் தாணுமாலையன் கையில் பாக்கெட் பஞ்சாங்கத்தோடு வந்தார். சித்ரலேகாவுக்கு எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"சித்ரா, படகு எப்ப?"

"ஒம்பது மணிக்கு அண்ணாச்சி."

"சனிக்கிழமை ஒம்பதுக்குத்தான ராகுகாலம் தொடங்குது. ஆனா இங்கத்த மணி நம்ம ஊரவிட ஒன்றரை மணி நேரம் பின்னால. நம்ம ஊர்க் கணக்குப்படி அப்ப பத்தரை. பத்தரைக்கு ராகுகாலம் முடிஞ்சிருது. இதுல எந்த மணிய எடுக்கிறது?"

"ராகு நம்ம ஊர்லேருந்து வந்திருக்காரா, இல்ல இங்கனயே குடியிருக்காரான்னு தெரிஞ்சாதான சொல்ல முடியும்?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பஞ்சாங்கத்தைப் பார்த்தார். அதை மூடிச் சட்டைப் பையில் போட்டு, இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு எல்லாரும் மரப்பாலத்தில் நின்றார்கள். படகு அலையில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற தாணுமாலையன் ஒரு காலைத் தூக்கினார், படகு விலகியது, காலை இழுத்துக்கொண்டார். பின்னால் மகன்கள், மருமக்கள், சோடிகள், பேரப்பிள்ளைகள். அவர் ஒதுங்கி, கூட்டத்தின் கடைசியில் நின்ற சித்ரலேகாவைக் கைகாட்டி அழைத்தார்.

"நீ முதல்ல ஏறும்மா," என்றார். "நீ முன்னால போனாத்தான் சரியா இருக்கும்."

பயத்தில்தான் சொன்னார். பயத்தில் சொன்னால் என்ன? கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சித்ரலேகா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, படகு பாலத்தை நெருங்கும் நேரம் பார்த்து ஒரே எட்டில் ஏறி நின்றாள். பிறகு திரும்பி, கால் அகற்றி நின்று, கையை நீட்டினாள். தாணுமாலையன் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஏறினார்.